படைவீரனின் கல்லில் கடைசி வரி

நினைவுக்கல் வெட்டும்போது பெயரிலோ தேதியிலோ பெரிதாகச் சிக்கல் வராது. பெயரை ஆதார் அட்டை பார்த்து எழுதிக்கொள்ளலாம். தேதியை இறப்புச் சான்றிதழ் சொல்லிவிடும். வீட்டார் தயங்கி உட்கார்வது கடைசி வரியில்தான். ஆள் எப்படிப் போனார் என்று சொல்லும் வரி அது. வயதானவர் என்றால் 'இயற்கை எய்தினார்' என்று போட்டு முடித்துவிடுவோம். சாலை விபத்து என்றால் அந்த வரியே வேண்டாம் என்பார்கள். பட்டாளத்தில் இருக்கும்போது நோய் வந்து இறந்துபோன பையனுக்குக் கல் கேட்டு வருகிறவர்களுக்குத்தான் அந்த வரியைத் தாண்ட முடிவதில்லை. சொல்லவும் வாய் வராது, விடவும் மனம் வராது.

எங்கள் பட்டறை கும்மிடிப்பூண்டியில், ஜி.என்.டி. சாலையோரம் இருக்கிறது. சிப்காட் கம்பெனிகளுக்கு அடிக்கல், திறப்பு விழாக் கல், சுற்றுவட்டாரக் கோயில்களுக்குக் கும்பாபிஷேகக் கல்வெட்டு, உபயதாரர் பட்டியல், கல்லறைக் கல் என்று அன்றாட வேலை போகும். ராணுவத்தார் கல் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் ராணுவத்துக்குப் போகத் துடிக்கிற பையன்களைத் தினமும் பார்க்கிறோம். கம்பி ஏற்றிய டிரெய்லர்கள் கிளம்புவதற்கு முன், இருட்டு பிரியாத நேரத்தில், சிப்காட் உள்சாலைகளில் ஓடுவார்கள். ஆள்சேர்ப்பு முகாமில் 1,600 மீட்டர் ஓட வேண்டும், அதற்கான ஓட்டம். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைக்கு இங்கே கண்ணெதிரில் இருப்பது கான்ட்ராக்ட் வேலை. அதற்கு மேல் ஒன்று வேண்டும் என்று நினைக்கிறவன் ஓடுகிறான்.

அப்படி ஓடிப் பட்டாளத்தில் சேர்ந்த ஒருவனுக்குச் சில வருடங்களுக்கு முன் கல் வெட்டினேன். அவன் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவை கல்லில் இருக்கின்றன, அது போதும். அவன் அப்பா ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் வேலை செய்கிறவர். பழுக்கக் காய்ந்த பில்லட்டை உருளைக்குத் தள்ளிவிடுகிற வேலை. முன்கை முழுக்கப் பொரி பறந்து விழுந்த புள்ளித் தழும்புகள். பையன் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் சேர்ந்தான். பெங்களூரில் பயிற்சி. மெட்ராஸ் சாப்பர்கள் என்றும் சொல்வார்கள். ராணுவத்துக்குள் அவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. பாதை போடுவதும் பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை.

லீவில் வரும்போதெல்லாம் பெய்லி பாலத்தைப் பற்றித்தான் பேசுவானாம். பத்தடி நீளம், ஐந்தடி உயரம் உள்ள இரும்புச் சட்டம்தான் அதன் பேனல். ஏறக்குறைய 260 கிலோ. கிரேன் கிடையாது, ஆறு பேர் கம்பு கோத்துத் தூக்கி வந்து பொருத்தி, ஊசி அடித்து, அடுத்ததைத் தூக்க வேண்டும். "நீ இரும்ப நீட்டி அனுப்புற, நான் அத சேத்துப் பூட்டுறேன்" என்று அப்பாவிடம் சொல்வானாம். இதை அவர் என்னிடம் சொன்னபோது அழவில்லை. அந்தப் பேனலின் அளவைக் கையால் காற்றில் காட்டினார்.

காய்ச்சல் என்று படுத்தான். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ராணுவ மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சில மாதம் போராடினான். 24 வயதில் மூவர்ணக்கொடி போர்த்திய பெட்டியில் ஊருக்கு வந்தான்.

கல் பேச வந்த அன்று பெரியப்பா ஒருவர்தான் பேசினார். "மேஸ்திரி, 'வீரமரணம்'னு போட்டுடுங்க. எப்படின்னு யார் கேக்கப் போறாங்க?" என்றார். அம்மா தலை நிமிரவில்லை. அப்பா கல் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஏற்கெனவே அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். துப்பாக்கியும் பனிமலையும் பின்னணியில் வைத்து.

அந்தப் பெரியப்பாவைக் குறை சொல்லமாட்டேன். அவர் கேட்டது நேற்று முளைத்த ஆசை இல்லை. புறநானூற்றின் 93-ஆம் பாட்டில் ஔவையார் இதைத்தான் சொல்கிறார். நோயில் இறந்த அரசரைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, மார்பை வாளால் பிளந்து அடக்கம் செய்யும் வழக்கம் இருந்தது. போரில் மாண்டவர் போகும் இடத்துக்கு இவரும் போக வேண்டும் என்று மந்திரம் சொல்லிப் பிளந்தார்கள். உன்னோடு பொருது மடிந்ததால் பகை மன்னர்களுக்கு அந்த நிலை வராமல் தப்பியது என்று அதியமானைப் புகழ்கிறது பாட்டு. 74-ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகும். பிள்ளை இறந்தே பிறந்தாலும், உருவமில்லாத பிண்டமாகப் பிறந்தாலும், வாளால் வெட்டாமல் விடமாட்டார்களாம். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழனின் சிறையில் இருந்து பாடியது அது.

தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்டிப் பிழைக்கிறவன் நான். நடுகல் என் தொழிலின் பாட்டன். கல்லைத் தேர்ந்து பார்க்கும் காட்சியில் தொடங்கி வாழ்த்தில் முடிகிற ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அந்த மரபோடு எனக்கு உடன்பாடு இல்லை. செத்தவன் உடம்பில் வாள் காயம் போடுவதும், நோயில் போன பையனின் கல்லில் 'வீரமரணம்' என்று வெட்டுவதும் ஒரே காரியம். அவன் வாழ்ந்தது போதாது, நாம் ஒரு காயம் சேர்த்தால்தான் கணக்கு நேராகும் என்று சொல்வது போல ஆகிவிடுகிறது. பேனல் தூக்கிய தோளுக்கு அந்தக் கூடுதல் காயம் எதற்கு?

காயம் இல்லாமலும் வீரம் உண்டு என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. 1780 ஆகஸ்டில் குண்டூர்ப் பக்கமிருந்து இறங்கி வந்த கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் போனது. ஹைதர் அலி, அன்று கர்நாடகம் எனப்பட்ட இந்தப் பகுதிக்குள் புகுந்துவிட்ட நேரம். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோவின் படையோடு சேரும்படி பெய்லிக்கு உத்தரவு. கொசஸ்தலை ஆற்றின் வடகரையில் முகாம் போட்டார்கள். ராத்திரியில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் வரை அக்கரை போக முடியவில்லை. கடந்து போனதும், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பேரம்பாக்கத்தில் திப்பு வந்து தாக்கினார். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில், நாம் புள்ளலூர் என்கிற ஊரில், அந்தப் படை அழிந்தது. அன்று அந்த ஆற்றில் ஒரு பாலம் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம் என்று அந்தப் பையனின் கல்லுக்குப் பிறகு அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பொள்ளிலூருக்குச் சரியாக இருபது நாள் கழித்து, 1780 செப்டம்பர் 30 அன்று, மெட்ராஸ் பயனியர் என்று இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. இன்றைய மெட்ராஸ் என்ஜினியர் குரூப் தன் பிறந்த நாளாகச் சொல்வது அந்தத் தேதியைத்தான்.

பொள்ளிலூரில் பிடிபட்டவர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் அடைத்தார்கள். அங்கே ஆட்களைக் கொன்றது வாள் அல்ல, நோய். காயத்தோடு கிடந்த டேவிட் பெயர்ட் என்ற 22 வயது அதிகாரிக்கு விலங்கு பூட்ட வந்தபோது, லூகாஸ் என்ற கேப்டன் முன்னால் வந்து, அவருடைய விலங்கையும் சேர்த்து என் காலில் பூட்டுங்கள் என்று கேட்டதாகப் பெயர்டின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பெயர்ட் பிழைத்தார். 1799 மே 4 அன்று அதே கோட்டைக்குள் புகுந்த படையை அவர்தான் நடத்திச் சென்றார். லூகாஸ் சிறையிலேயே இறந்துபோனார். கர்னல் பெய்லியும் 1782 நவம்பர் 13 அன்று சிறையில் இறந்தார். பெய்லிக்கு 1816-இல் அவருடைய உறவினர் கட்டிய நினைவு மண்டபம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறது. அடுத்தவன் விலங்கைக் கேட்டு வாங்கிய லூகாஸுக்கு அவருடைய வீரத்தைச் சொல்லக் குண்டுக் காயம் தேவைப்படவில்லை. சிறைக்காய்ச்சலில் போன தமிழ், தெலுங்கு சிப்பாய்களுக்கோ கதையும் இல்லை, கல்லும் இல்லை. அவர்கள் யார் கொடியின் கீழ் நின்றார்கள் என்பது வேறு வழக்கு. பெயர் இல்லாமல் போனதுதான் என் தொழிலுக்கு உறுத்துகிறது.

கல் விஷயத்தில் நான் மதிக்கிற ஒரு விதி நந்தம்பாக்கத்தில் இருக்கிறது. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் மெட்ராஸ் போர்க் கல்லறை. இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, பல ஊர்க் கல்லறைகளில் பராமரிக்க வழியில்லாமல் கிடக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்களும் அங்கே ஒரு நினைவுச் சுவரில் உண்டு. எழுத்து அமைப்பைப் பார்க்கத்தான் முதலில் போனேன். பிறகு அதன் விதியைத் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தைப் பராமரிக்கிற, 1917-இல் தொடங்கிய போர்க்கல்லறை ஆணையம் படையில் இருந்தவரின் இறந்த தேதியை மட்டும்தான் பார்க்கிறது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இதற்குள் பணியில் இறந்தவர் குண்டில் போனாரா, மலேரியாவில் போனாரா என்று கேட்பதில்லை. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல். முதல் போருக்குப் பின் குடும்பத்தார் தங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்க்கலாம் என்றார்கள். இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள். எழுத்தை எண்ணிக் கூலி பேசுகிற எங்களுக்கு அந்த எண் நன்றாகப் புரியும்.

அந்த விதியை எல்லா இடத்திலும் காப்பாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. முதல் உலகப் போரின் மெசபடோமியா களத்தில் வெயிலும் காலராவும் வயிற்றுக்கடுப்பும் குண்டுக்குக் குறையாமல் ஆள் எடுத்தன. அங்கே போய் உடல் கிடைக்காமல் போனவர்களுக்காக பாஸ்ராவில் ஒரு நினைவிடம் உண்டு. 40,000 பேருக்கு மேல் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள். அதில் இந்திய அதிகாரிகளின் பெயர் வெட்டப்பட்டது. இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் வாரியாக எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். இந்த ஏற்றத்தாழ்வை அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. எண்ணிக்கையை வெட்டிய அந்தக் கல்தொழிலாளியை நினைத்துப் பார்க்கிறேன். அவர் கையில் உளி இருந்தது, பெயர் இல்லை.

நம் ராணுவத்தின் கணக்குப் புத்தகத்தில் இரண்டு பத்தி உண்டு. போரிலும் ராணுவ நடவடிக்கையிலும் போனவர் 'பேட்டில் கேஷுவல்டி'. மற்றபடி நோயிலோ விபத்திலோ போனவர் 'பிசிக்கல் கேஷுவல்டி'. டில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவிடத்தின் கிரானைட் பலகைகளில் முதல் பத்தியில் வருகிறவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அது நியாயம்தான், போர் நினைவிடம் என்றால் போர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த மெட்ராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர். அவருக்குரிய சொல்லை இன்னொருவருக்கு இரவல் தந்தால் இருவருக்கும் நல்லதில்லை. ஆனால் இரண்டாவது பத்தியில் இருப்பவனுக்கு ஊர்க் கல் உண்டு. அந்தக் கல்லை நாங்கள் வெட்டுகிறோம். அதில் அவன் செய்த வேலை இருக்க வேண்டும்.

அந்த வீட்டாரிடம் இவ்வளவும் பேசவில்லை. "அவன் என்ன வேலை செஞ்சான்னு சொல்லுங்க அண்ணா, அத முதல்ல எழுதுவோம்" என்று மட்டும் கேட்டேன். அப்போதுதான் அப்பா பேச ஆரம்பித்தார். பேனல், ஊசி, கம்பு, ஆறு பேர், பனியில் விறைத்த இரும்பைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்பது வரை எல்லாம் வந்தது. உலை முன்னால் நிற்கிறவர் தோல் ஒட்டும் குளிரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தில் எழுதினேன். பெயருக்குக் கீழே 'சாப்பர், மெட்ராஸ் என்ஜினியர் குரூப்', ராணுவ எண், சேர்ந்த வருடம். அதன் கீழ் 'மலைப் பாதைகளில் பாலம் கட்டிய படையணியில் பணியாற்றியவர்'. அதன் கீழ் 'பணியில் இருக்கையில் நோயுற்று மறைந்தார், வயது 24'. பெரியப்பா இரண்டு முறை படித்தார். அம்மாவுக்கு 'மறைந்தார்' பிடிக்கவில்லை. "எம் புள்ளைய எதுக்கு 'ர்' போட்டு யாரோ மாதிரி ஆக்கணும்?" என்றார். அப்பா சொன்னார்: "நாளைக்கு ஊர்ப் புள்ளைங்க படிக்கும். யூனிஃபார்ம் போட்டவன், 'ர்' இருக்கட்டும்." அம்மா கொஞ்ச நேரம் கழித்துத் தலையசைத்தார்.

குன்னத்துக் கறுப்புக் கல், கண்ணாடி பாலிஷ். கம்ப்யூட்டரில் எழுத்து வெட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, மணல் பீச்சினால் அரை நாளில் முடிகிற வேலை. இதைக் கையால் வெட்டினேன். மணல் பீச்சிய பள்ளம் மேலோட்டமாக, அடி தட்டையாக இருக்கும். உளியின் பள்ளம் இரண்டு சரிவாக இறங்கி அடியில் சேரும். காலை வெயில் ஒரு சரிவிலும் சாயங்கால வெயில் மறு சரிவிலும் நிற்கும். பாலிஷ் போட்ட கறுப்பில் வெட்டிய இடம் தானாகச் சாம்பல் வெள்ளையாகத் தெரியும், பெயிண்டே வேண்டாம். மில் புகை படிகிற எங்கள் ஊரில் தங்கப் பெயிண்ட் சில மழைக்கு மேல் தாங்குவதில்லை. எண்ணெய்க் கறுப்பாகி, எழுத்தே அழுகினது போல ஆகிவிடும்.

'நோயுற்று' என்ற சொல்லில் கை அதிகம் நின்றது. 'நோ'வின் கொம்பில் இரட்டைச் சுழி. உளியைத் திருப்பித் திருப்பிப் போக வேண்டும். 'யு'வின் கீழ்வளைவு பக்கத்து எழுத்தின் மேல் ஏறாமல் முடிய வேண்டும். பிறகு 'ற்'றின் புள்ளி. புள்ளியை ஒரே தட்டில் போடக் கூடாது. கார்பைட் முனையைச் செங்குத்தாக நிறுத்தி, விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே, சுத்தியல் கல்லைத் தொடுவது தெரியாத அளவுக்குத் தட்டிக்கொண்டு போக வேண்டும். வேகம் கூடினால் பாலிஷ் விளிம்பு சில்லு பெயரும். பெயர்ந்தால் அந்த வரி முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டியதுதான். மற்ற வரிகளைவிட அந்த வரியை ஒரு நூல் ஆழமாகவே இறக்கினேன். வீட்டார் ஒளித்துவைக்கப் பார்த்த வரி மங்கலாக இருந்தால், கல்லே வெட்கப்படுவது போலத் தெரியும். அதை நான் விரும்பவில்லை.

கல்லை ஊர்ப் பள்ளிக்கூட மதில் அருகே நட்டார்கள். மில்லில் அப்பாவோடு வேலை செய்யும் பீகார், ஒடிசா ஆட்களும் ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்து நின்றார்கள். அதில் ஒருவரின் தம்பியும் பட்டாளத்தில் இருக்கிறானாம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எண்ணையும் 24-ஐயும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு வந்ததே, அப்போது சூரல்மலையில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் 190 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் கட்டி ஆகஸ்ட் 1 அன்று முடித்தது. இரவெல்லாம் மழையில் பேனல் தூக்கியதை டி.வி.யில் காட்டினார்கள். அந்த அப்பா எனக்குப் போன் செய்தார். "பாத்தீங்களா மேஸ்திரி, அந்த ஆறு பேர்? அதான் எம் புள்ள வேல" என்றார். மில் கேன்டீனில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். முன்பு மகனைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிறவர் அவர்.

இப்போதெல்லாம் பட்டாளத்துப் பிள்ளைக்குக் கல் கேட்டு வருகிறவர்களிடம் சில காகிதங்களை எடுத்து வரச் சொல்கிறேன்: சர்வீஸ் விவரம், பயிற்சிச் சான்றிதழ், எங்கெங்கே பணியாற்றினான் என்ற குறிப்பு. கூடப் பணியாற்றிய ஒருவரின் போன் எண்ணும் கேட்பேன். பெற்றவர்களுக்குத் தெரியாத வேலை நுணுக்கம் அவர்களுக்குத்தான் தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன், இது கல்லுக்குச் சம்பந்தமில்லாதது: மருத்துவமனைத் தாள் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நோயில் இறந்தவர் என்றால் குடும்ப ஓய்வூதியம் எந்த வகையில் வரும் என்பது, அந்த நோய் பணியால் வந்ததா, பணியால் முற்றியதா என்ற கேள்வியில் நிற்கிறது. படையில் சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் இல்லாத நோய் பின்னால் வந்தால், அது பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்று தரம்வீர் சிங் என்ற வீரரின் இயலாமை ஓய்வூதிய வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைத் தெரியாமல், 'நோய்தானே' என்று தலை குனிந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பின் நகலையும், முதன்முதலாக 'சிக் ரிப்போர்ட்' செய்த தேதியையும் கேட்டு வாங்குங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு திருவள்ளூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முதலில் போய்விட்டு, கல்லைப் பற்றி அப்புறம் பேசலாம்.